ஒன் சாம்பியன்ஷிப்: சிங்கப்பூர்க் கூண்டிலிருந்து லும்பினி வளையம் வரை

ஒன் சாம்பியன்ஷிப் 2011-இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டபோது அது கலப்புத் தற்காப்புக் கலைக்கான நிறுவனம். எம்எம்ஏ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த விளையாட்டில் குத்தலாம், உதைக்கலாம், எதிராளியைத் தரையில் வீழ்த்தலாம், கழுத்தையோ மூட்டையோ பிடித்துச் சரணடைய வைக்கலாம். அதே நிறுவனம் இன்று பாங்காக்கின் லும்பினி அரங்கில் நடத்தும் வெள்ளிக்கிழமைப் போட்டிகளைப் பாருங்கள். அன்றைய சண்டைகளில் பெரும்பாலானவை முவாய் தாய், கை, கால், முழங்கை, முழங்கால் எல்லாவற்றாலும் தாக்கும் தாய்லாந்துச் சண்டை. எம்எம்ஏ சண்டைகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன. எம்எம்ஏவுக்கு வழக்கமான கம்பிக் கூண்டும் இல்லை, கயிறு கட்டிய பழைய குத்துச்சண்டை வளையம்தான். ஆசியாவின் மிகப்பெரிய எம்எம்ஏ நிறுவனம் என்று அறியப்பட்ட ஒன்று தாய்லாந்தின் பாரம்பரியச் சண்டைக்குள் போய்த் தங்கியது ஏன்?

அந்த நிறுவனம் ரசிகர்களைச் சேர்ப்பதில் வென்றது, அந்த ரசிகர்களிடமிருந்து வருமானம் பெறுவதில் பல ஆண்டுகள் தடுமாறியது என்பதே என் விடை. அதன் வளர்ச்சியில் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இந்த இடைவெளியிலிருந்தே வந்தன.

2011-இல் ஆசியச் சண்டை உலகம் எப்படி இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு இந்த விளையாட்டின் தலைநகரம் டோக்கியோதான். பிரைடு என்ற ஜப்பானிய நிறுவனம் உலகின் சிறந்த வீரர்களை வைத்திருந்தது. அமெரிக்காவின் யுஎஃப்சி என்ற எம்எம்ஏ நிறுவனம் அப்போது நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. யகூசா குற்றக் கும்பலோடு பிரைடு நிறுவனத்துக்குத் தொடர்பு இருப்பதாக ஜப்பானிய வார இதழ் ஒன்று எழுதியதைத் தொடர்ந்து, 2006-இல் ஃபுஜி தொலைக்காட்சி தன் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. தொலைக்காட்சிப் பணத்தையே நம்பியிருந்த பிரைடு அடுத்த ஆண்டே யுஎஃப்சி உரிமையாளர்களின் கைக்குப் போய், பிறகு மறைந்தது. கே-1 என்ற பெரிய கிக்பாக்சிங் அமைப்பும் சில ஆண்டுகளில் பண நெருக்கடியில் சிக்கியது. மணிலாவிலும் சியோலிலும் ஹாங்காங்கிலும் உள்ளூர் அமைப்புகள் இருந்தன; நாடு விட்டு நாடு போகக்கூடிய ஆசிய அமைப்பு எதுவும் இல்லை.

அந்த வெற்றிடத்தைக் கண்டவர்கள் இருவர். சத்ரி சித்யோத்தோங், தாய்லாந்துத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்தவர். 1997 ஆசிய நிதி நெருக்கடியில் குடும்பம் நொடித்துப்போனது. ஹார்வர்டில் நிர்வாகவியல் படித்த நாட்களில் ஒரு நாளைக்கு 4 டாலரில் வாழ்ந்ததாக அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பிறகு முதலீட்டு நிதி நிறுவனம் நடத்திப் பணம் சேர்த்து, சிங்கப்பூரில் எவால்வ் என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். இன்னொருவர் விக்டர் குய், ஈஎஸ்பிஎன் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தில் நிர்வாகியாக இருந்தவர். தொலைக்காட்சி வணிகம் தெரிந்தவர். இவர் பின்னாளில் விலகிப்போய்க் கனடாவில் ஒரு கனடிய ஃபுட்பால் அணியை நிர்வகித்தார். 2011 செப்டம்பர் 3 அன்று சிங்கப்பூர் உள்ளரங்கில் முதல் போட்டி நடந்தது. அன்றைய முதன்மைச் சண்டையில் வென்றவர் எட்வர்ட் ஃபொலாயாங், பிலிப்பைன்ஸின் மலைநகரமான பகியோவில் பள்ளி ஆசிரியராக இருந்தவர்.

ஆசிரியராக இருந்த ஒருவரை முதன்மைச் சண்டையில் நிறுத்தியதிலேயே நிறுவனத்தின் வழி தெரிந்துவிட்டது. யுஎஃப்சி சண்டைகளை விற்றது பகையை வைத்து. வீரர்கள் ஒருவரை ஒருவர் ஏசுவார்கள், எடை பார்க்கும் மேடையில் தள்ளிக்கொள்வார்கள், அந்தக் காட்சி டிக்கெட்டை விற்கும். ஒன் நிறுவனம் அதை வேண்டுமென்றே தவிர்த்தது. பணிவு, மரியாதை, குடும்பம், வறுமையிலிருந்து மீண்ட கதை ஆகியவற்றை முன்வைத்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் சொந்த நாயகனைக் கண்டுபிடித்து, அந்த நாட்டுத் தலைநகரிலேயே அவரைச் சண்டையிட வைப்பதுதான் திட்டம். இது விளம்பர உத்தி என்பது வெளிப்படை. ஆனாலும் அது மேலே கொண்டுவந்த மனிதர்கள் உண்மையானவர்கள், அவர்கள் மக்களுக்குக் கொடுத்த மகிழ்ச்சியும் உண்மையானது.

ஃபொலாயாங்கையே எடுத்துக்கொள்ளலாம். 2016 நவம்பரில் அதே சிங்கப்பூர் அரங்கில் ஜப்பானின் ஷின்யா அயோகியை அவர் எதிர்கொண்டார். தரைப்பிடியில் அயோகியை மிஞ்சியவர் ஆசியாவில் இல்லை என்று பேசப்பட்ட காலம் அது. மூன்றாவது சுற்றில் முழங்காலாலும் கைகளாலும் தாக்கி அயோகியை நிலைகுலைய வைத்து லைட்வெயிட் என்ற எடைப் பிரிவின் பட்டத்தைப் பெற்றார். அவர் பயின்ற டீம் லகாய் என்ற பகியோ குழு மார்க் சாங்கியாவோவின் கையில் வளர்ந்தது. வூஷு என்ற சீனத் தற்காப்புக் கலையில் தேர்ந்த கார்டில்லேரா மலை இளைஞர்கள்தான் அதன் அடித்தளம். 2018-இல் அந்த ஒரு குழுவில் மட்டும் ஃபொலாயாங், கெவின் பெலிங்கோன், கேஹே யூஸ்தாக்கியோ, ஜோஷுவா பாசியோ என்று நான்கு பேர் ஒன் பட்டங்களை வென்றார்கள். அதுவரை குத்துச்சண்டை என்றால் பாக்கியாவ் என்றிருந்த நாட்டில், தலைநகரிலிருந்து விலகிய ஒரு மலைநகரம் எம்எம்ஏ வரைபடத்தில் இடம்பிடித்தது.

மியன்மாரில் நடந்தது இன்னும் பெரிது. ஆங் லா இன் சாங், கச்சின் மாநிலத்தின் மியிட்சீனாவைச் சேர்ந்தவர். அமெரிக்காவில் வேளாண்மை படித்து, தேனீ வளர்ப்பு வேலை பார்த்துக்கொண்டே சண்டைக்குப் பயிற்சி எடுத்தவர். 2017 ஜனவரியில் ஜகார்த்தாவில் ரஷ்யாவின் விட்டாலி பிக்தாஷிடம் தோற்றார். ஆறு மாதத்தில், ஜூன் 30 அன்று, யாங்கோனின் துவுன்னா உள்ளரங்கில் அதே பிக்தாஷை வென்று மிடில்வெயிட் சாம்பியன் ஆனார். உலக விளையாட்டு மேடையில் கொண்டாட எவரும் இல்லாதிருந்த ஒரு நாடு அன்றிரவு ஆடித் தீர்த்தது. மியிட்சீனாவில் அவருக்குச் சிலை வைத்தார்கள். பெரும்பான்மை பமார் (பர்மிய) இனத்தவரும் சிறுபான்மைக் கச்சின் இனத்தவரும் ஒரே ஆளுக்காகக் கைதட்டியது அந்த நாட்டில் எளிதில் நடக்கிற காரியம் அல்ல. 2021 ராணுவக் கவிழ்ப்பின்போது அவர் வெளிப்படையாக மக்கள் பக்கம் நின்று பேசினார். அந்தக் கவிழ்ப்போடு யாங்கோன் சந்தையும் மூடிக்கொண்டது. ஒரு நாட்டின் உணர்ச்சியை நம்பி வணிகம் செய்தால் அந்த நாட்டின் அரசியலும் கூடவே வரும்.

சிங்கப்பூருக்கு ஏஞ்சலா லீ கிடைத்தார். கனடாவில் பிறந்து ஹவாயில் வளர்ந்தவர், தந்தை வழியில் சிங்கப்பூர்க்காரர். 2016 மே மாதம் 19 வயதில் ஜப்பானின் மேய் யமாகுச்சியை ஐந்து சுற்றுகள் எதிர்கொண்டு ஆட்டம்வெயிட் பட்டத்தை வென்றார். அந்தச் சண்டையைப் பார்த்தவர்கள் இரண்டு பெண்களையும் மறக்க மாட்டார்கள். சீனாவுக்கு சியோங் ஜிங் நான். 2018 ஜனவரியில் ஸ்ட்ராவெயிட் பட்டத்தைப் பெற்றவர், யுஎஃப்சியில் ஜாங் வெயிலி சாம்பியன் ஆவதற்கு ஒன்றரை ஆண்டு முன்னதாகவே.

மலேசியாவின் பங்குக்கு வந்தவர் தமிழர். கோலாலம்பூர் செந்தூலைச் சேர்ந்த அகிலன் தாணி, பதின்ம வயதில் உடல் பருமனால் துன்பப்பட்டு, எடை குறைக்கப் பயிற்சிக்கூடத்துக்குப் போய், அங்கேயே சண்டை வீரராக மாறியவர். 2017 மே 26 அன்று சிங்கப்பூரில், ஒலிம்பிக்கில் மல்யுத்தம் செய்த பென் அஸ்க்ரனை எதிர்த்து வெல்டர்வெயிட் பட்டத்துக்காக நின்றபோது அவருக்கு 21 வயது. முதல் சுற்றிலேயே கழுத்துப் பிடியில் சிக்கித் தோற்றார். அனுபவத்தில் அவ்வளவு ஏற்றத்தாழ்வு இருந்த சண்டையை அவர் வயதுள்ள ஒருவருக்கு அமைத்துக் கொடுத்திருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நாட்டுக்கு ஒரு நாயகன் என்ற திட்டத்தின் மறுபக்கம் இது. நாயகன் பழுக்கும்வரை நிறுவனத்தால் காத்திருக்க முடிவதில்லை. ஆனால் அகிலன் அதோடு ஒதுங்கவில்லை. 2019 ஜூனில் ஷாங்காயில் ஜப்பானின் யோஷிஹிரோ அகியாமாவை நடுவர்களின் ஒருமித்த தீர்ப்பில் வென்றார். ஜப்பானிலும் கொரியாவிலும் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராக இருந்த அகியாமாவுக்கு ஒன் மேடையில் அதுதான் முதல் சண்டை. மலேசியத் தமிழ் இளைஞர்களைப் பற்றிப் பொதுவெளியில் கும்பல், குற்றம் என்ற சொற்களே அதிகம் புழங்கும் சூழலில், செந்தூலிலிருந்து போன ஒருவர் அந்த வெற்றியைப் பெற்றது கவனிக்கப்பட வேண்டிய செய்தி. தமிழ்நாட்டில் அது பேசப்படவே இல்லை.

இந்த நிறுவனம் சண்டை உலகுக்குச் செய்த நன்மைகளில் முதன்மையானது ஒரு சாவிலிருந்து பிறந்தது. யாங் ஜியான் பிங், 21 வயது, சீன வீரர். 2015 டிசம்பரில் மணிலாவில் கேஹே யூஸ்தாக்கியோவுடன் சண்டையிட வந்தவர். எடையைக் குறைக்கும் முயற்சியில் உடல் நீர் வற்றி, மயங்கி விழுந்து, டிசம்பர் 11 அன்று மருத்துவமனையில் இறந்தார்.

சண்டை விளையாட்டுகளில் இது ரகசியம் அல்ல. 70 கிலோ எடையுள்ள வீரர் 61 கிலோப் பிரிவில் போட்டியிட விரும்புவார். தன்னைவிடச் சிறிய உடலோடு மோதினால் வெற்றி எளிது என்பது கணக்கு. கடைசி நாட்களில் தண்ணீரை நிறுத்துவார், உப்பை நிறுத்துவார், ரப்பர் உடை போட்டு ஓடுவார், நீராவி அறையில் உட்காருவார், கொதிக்கும் தொட்டியில் படுப்பார். எடை பார்த்து முடிந்ததும் தண்ணீரை ஏற்றிக்கொண்டு மறுநாள் பெரிய உடலோடு மேடை ஏறுவார். எதிராளியும் இதையே செய்வதால் இருவருக்கும் லாபம் ஏதும் இல்லை. இருவர் உடலும் கெடுகிறது. ரத்தம் தடித்து இதயம் திணறும், சிறுநீரகம் பழுதாகும். நீர் வற்றிய உடலோடு தலையில் அடி வாங்குவதன் ஆபத்தைப் பற்றி மருத்துவர்கள் எச்சரித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

யாங் இறந்த சில வாரங்களுக்குள் ஒன் நிறுவனம் நீர் வற்ற வைத்து எடை குறைப்பதைத் தடை செய்தது. எடைப் பிரிவுகளை ஒரு படி மேலே ஏற்றியது. யுஎஃப்சியில் ஃப்ளைவெயிட் என்றால் 56.7 கிலோ, ஒன் மேடையில் அதே பெயருக்கு 61.2 கிலோ. எடை மட்டும் சரியாக இருந்தால் போதாது, உடலில் நீரும் இருக்க வேண்டும். வீரரின் சிறுநீரைச் சோதித்து அதன் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025-ஐத் தாண்டினால் தேறவில்லை என்று அறிவிக்கிறார்கள். தாண்டியவர்கள் ஒப்புக்கொண்ட வேறு எடையில் சண்டையிடுகிறார்கள், அல்லது சண்டை ரத்தாகிறது. பட்டப் போட்டியாக இருந்தால் பட்டம் பறிபோகிறது. இந்த முறையில் ஓட்டைகள் உண்டு. வீரர்கள் சோதனையை ஏமாற்றும் வழிகளைத் தேடுவதும், கடைசி நேரத்தில் சண்டைகள் மாறுவதும் அடிக்கடி நடக்கின்றன. இருந்தாலும் இத்தனை பெரிய அமைப்பு ஒன்று இந்த நச்சுப் பழக்கத்தின் மேல் கை வைத்தது அதுவே முதல் முறை. யுஎஃப்சி இன்றுவரை அதைச் செய்யவில்லை.

சண்டை விதிகளிலும் ஒன் தனி வழி போனது. அமெரிக்க முறையில் ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனியாகப் புள்ளி போட்டுக் கூட்டுவார்கள். ஒன் முறையில் நடுவர்கள் சண்டை முழுவதையும் ஒன்றாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். எதிராளியை முடிக்கும் நிலைக்கு அருகில் கொண்டுபோனவருக்குச் சாதகம் அதிகம். முதல் சுற்றில் ஒருவரைச் சாய்த்துவிட்டு மற்ற சுற்றுகளை நூலிழையில் இழந்தவர் இங்கே வெல்ல முடியும். தரையில் இருப்பவரின் தலையில் முழங்காலால் தாக்கவும் அனுமதி உண்டு; இது ஜப்பானியப் பிரைடு காலத்தின் மிச்சம்.

அந்த ஒரு விதியின் எடையை உலகம் 2021 ஏப்ரலில் பார்த்தது. டெமெட்ரியஸ் ஜான்சன் யுஎஃப்சியில் தொடர்ந்து 11 முறை பட்டத்தைக் காத்தவர். 2018-இல் அவரை ஒன் பெற்றுக்கொண்டு, பதிலுக்கு பென் அஸ்க்ரனை யுஎஃப்சிக்கு விட்டுக்கொடுத்தது. இரண்டு எம்எம்ஏ நிறுவனங்கள் இப்படி வீரர்களைப் பரிமாறிக்கொண்டது அதற்கு முன் நடந்ததில்லை. ஜான்சன் 2019-இல் ஃப்ளைவெயிட் கிராண்ட் பிரி என்ற வெளியேற்றுத் தொடரை வென்று, பிரேசிலின் அட்ரியானோ மொராயஸுடன் பட்டத்துக்காக மோதினார். அவர் தரையிலிருந்து எழ முயன்ற நொடியில் மொராயஸின் முழங்கால் தலையில் இறங்கியது. ஜான்சன் வாழ்நாளில் முதல் முறையாக நினைவிழந்து தோற்றார். யுஎஃப்சி விதிப்படி அந்த அடி குற்றம். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சிங்கப்பூரில் ஜான்சன் பாய்ந்து வந்து முழங்காலாலேயே மொராயஸை வீழ்த்திக் கணக்கைத் தீர்த்தார்.

இத்தனை இருந்தும் பணம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் யுஎஃப்சி வளர்ந்தது ஒவ்வொரு பெரிய சண்டைக்கும் ரசிகர் தனியாகப் பணம் கட்டிப் பார்க்கும் முறையில். 2001-இல் 20 லட்சம் டாலருக்கு வாங்கப்பட்ட அந்த நிறுவனம் 2016-இல் ஏறத்தாழ 400 கோடி டாலருக்கு விலைபோனதன் பின்னால் அந்தப் பழக்கம் இருந்தது. பிறகு ஒளிபரப்பு ஒப்பந்தங்கள் அந்த இடத்தைப் பிடித்தன. 2025-இல் பாரமவுண்ட் நிறுவனம் ஏழு ஆண்டுகளுக்கு 770 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. தென்கிழக்கு ஆசியாவில் அப்படிப் பணம் கட்டிப் பார்க்கும் வழக்கம் இல்லை. ஜகார்த்தாவிலும் மணிலாவிலும் யாங்கோனிலும் ரசிகர்கள் கைபேசியில் இலவசமாகப் பார்த்தார்கள். நிறுவனம் வெளியிட்ட பார்வையாளர் எண்ணிக்கைகள் மலைக்க வைத்தன. ஆனால் ஒரு காணொளியைச் சில நொடிகள் பார்த்துவிட்டுக் கடந்து போகிறவரும் அந்த எண்ணிக்கையில் ஒருவர்தான். அவரால் வீரருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது.

எனவே நிறுவனத்தை ஓட்டியது முதலீட்டாளர்களின் பணம். சிங்கப்பூர் அரசின் தெமாசெக் சார்ந்த நிதி வந்தது, செகோயா முதலீட்டு நிறுவனம் வந்தது. 2018-இல் ஒரே சுற்றில் 16.6 கோடி டாலர் திரட்டினார்கள். 2020 பெருந்தொற்றில் அரங்குகள் மூடப்பட்டபோது ஊழியர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரை அனுப்பிவிட்டார்கள். 2021 டிசம்பரில் கத்தார் முதலீட்டு ஆணையமும் கக்கன்ஹைம் நிறுவனமும் 15 கோடி டாலர் போட்டன. சண்டை வணிகத்தைத் தொழில்நுட்பத் தொடக்க நிறுவனம் போல நடத்திய காலம் அது: முதலில் பயனர்களைச் சேர், லாபம் பிறகு வரும். ஆண்டுக் கணக்குகளில் நஷ்டமே தொடர்ந்தது.

லாபம் தேடி அமெரிக்காவுக்குப் போனார்கள். ஜான்சனையும் யுஎஃப்சியின் முன்னாள் சாம்பியன் எடி அல்வாரெஸையும் ஒப்பந்தம் செய்ததன் நோக்கமே அதுதான். 2021-இல் டிஎன்டி தொலைக்காட்சியில் சில நிகழ்ச்சிகள் வந்தன. 2022-இல் அமேசான் பிரைம் வீடியோவுடன் ஆண்டுக்கு 12 நிகழ்ச்சிகள் என்று ஒப்பந்தம் ஆனது. 2023 மே மாதம் கொலராடோவில் முதல் அமெரிக்க நிகழ்ச்சி. ஜான்சன், மொராயஸ் மூன்றாவது சண்டை. டிக்கெட்டுகள் விற்றன. ஆனால் அமெரிக்காவில் தொடர்ந்து காலூன்றுவது வேறு காரியம். 2024 நவம்பரில் அட்லாண்டாவில் நடக்கவிருந்த நிகழ்ச்சி பாங்காக்குக்கு மாற்றப்பட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்னால் டென்வர் நிகழ்ச்சியில் ஜான்சன் ஓய்வை அறிவித்திருந்தார். அமெரிக்க ரசிகருக்குத் தெரிந்த முகமும் அதோடு போயிற்று.

இதற்கிடையில்தான் நிறுவனத்துக்கு உண்மையான அடித்தளம் வேறு இடத்தில் அமைந்துகொண்டிருந்தது.

2018-இலேயே ஒன் நிறுவனம் முவாய் தாயையும் கிக்பாக்சிங்கையும் சேர்த்துக்கொண்டது. முவாய் தாய் சண்டைகளில் குத்துச்சண்டைக் கையுறையைக் கழற்றிவிட்டு எம்எம்ஏவின் 4 அவுன்ஸ் மெல்லிய கையுறையை மாட்டினார்கள். சின்ன மாற்றம்தான், விளைவு பெரிது. பெரிய கையுறை கேடயமும்கூட. முகத்துக்கு முன் தூக்கிப் பிடித்தால் குத்து உள்ளே வராது. மெல்லிய கையுறையில் அந்தக் கேடயம் இல்லை. சண்டைகள் வேகமெடுத்தன, நாக் அவுட்டுகள் பெருகின. பத்தலுங் மாகாணத்தின் ஏழைக் குடும்பத்திலிருந்து வந்த ரொத்தாங், முகத்தில் குத்து வாங்கிக்கொண்டே சிரித்து முன்னேறும் தன் பாணியால் தாய்லாந்துக்கு வெளியேயும் பெயர்பெற்றார். சூப்பர்லெக், தவன்சாய், நோங்-ஓ என்று வரிசை நீண்டது. ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸ் என்ற பெண் முவாய் தாய், கிக்பாக்சிங், எம்எம்ஏ மூன்றிலும் பட்டம் வென்றார்.

லும்பினி அரங்கின் நிலையும் அப்போது மாறிக்கொண்டிருந்தது. தாய் ராணுவம் நடத்தும் அந்த அரங்கு 1956 முதல் முவாய் தாயின் கோயில். ஆனால் அந்தக் கோயிலில் சூதாட்டம் ஆட்சி செய்தது. சண்டை நடக்கும்போதே அரங்கின் படிக்கட்டுகளில் கைச்சைகைகளால் பந்தயம் கட்டுவார்கள். முதல் இரண்டு சுற்றுகளை வீரர்கள் மெதுவாக ஓட்டுவார்கள், பந்தயக்காரர்கள் ஆளைக் கணிக்க அவகாசம் வேண்டுமே. மூன்றும் நான்கும் கடும் சண்டை. ஐந்தாவதில் முன்னிலையில் இருப்பவர் பெரும்பாலும் விலகி நின்றே காலம் கடத்துவார். விவரம் தெரிந்தவருக்கு அதில் நுட்பம் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புரியாது. இளைஞர்கள் அரங்குக்கு வருவது குறைந்தது. 2020 மார்ச்சில் அங்கு நடந்த ஒரு போட்டியிலிருந்து கொரோனா பெருமளவில் பரவி, ராணுவ நிர்வாகத்தின் பெயர் கெட்டது. அதன் பிறகு அரங்கில் சூதாட்டத்தைத் தடை செய்தார்கள், 2021-இல் பெண்களை முதல் முறையாக வளையத்துக்குள் அனுமதித்தார்கள். பந்தயப் பணம் போனதும் அரங்குக்குப் புதிய வருமானம் தேவைப்பட்டது, ஒன் நிறுவனத்துக்கு நிலையான மேடை தேவைப்பட்டது. 2023 ஜனவரி 20 அன்று வெள்ளிக்கிழமைப் போட்டிகள் தொடங்கின.

மூன்று நிமிடச் சுற்றுகள் மூன்று மட்டும். மெதுவாகத் தொடங்க நேரம் இல்லை. சிறப்பாக முடிப்பவருக்கு 3,50,000 பாட் (தாய்லாந்து நாணயம்) ஊக்கத்தொகை. பல மாதம் சண்டையிட்டாலும் அந்தத் தொகையைப் பார்க்க முடியாத மாகாணத்து வீரர்கள் ஒரே இரவில் அதைப் பெறுகிறார்கள். தொடர்ந்து வெல்பவர்களுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் கிடைக்கிறது. மியன்மார், ரஷ்யா, பிரிட்டன், ஜப்பான் என்று பல நாட்டு இளைஞர்கள் அந்த ஒப்பந்தத்துக்காகப் பாங்காக்கில் வந்து தங்குகிறார்கள். எம்எம்ஏவுக்காக நாடு நாடாகத் தேடி உருவாக்க வேண்டியிருந்த நாயகர்கள் இங்கே ஆயிரக்கணக்கில் தயாராக இருந்தார்கள். ஏழெட்டு வயதிலிருந்தே சண்டையிட்டு வளர்ந்தவர்கள். பயணச் செலவும் வெளிநாட்டு அரங்க வாடகையும் மிச்சம். அமேசான் நிகழ்ச்சிகளையும் பெரும்பாலும் இங்கேயே நடத்துகிறார்கள், அமெரிக்காவின் வெள்ளி இரவுக்குப் பொருந்த பாங்காக்கில் சனிக்கிழமை காலையில். விடிந்ததும் வளையம் ஏற வேண்டிய வீரர்களின் உறக்கத்தையும் உணவையும் யாராவது ஆராய வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பழைய முவாய் தாய் ஆசான்களுக்கு இதில் வருத்தம் இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. அணைத்துப் பிடித்து முழங்காலால் தாக்குவது, எதிராளியின் சமநிலையைக் குலைப்பது, ஐந்து சுற்றுகளில் பொறுமையாகக் கட்டியெழுப்பும் ஆட்டம் ஆகியவை அந்தக் கலையின் உயிர்நாடி. மூன்று சுற்று, மெல்லிய கையுறை, நாக் அவுட்டுக்கு ஊக்கத்தொகை என்ற அமைப்பு கைக்குத்தை மட்டுமே வளர்க்கிறது. தலையில் விழும் அடிகளும் கூடுகின்றன. வீரருக்கு நல்ல பணம் கிடைப்பதை நான் வரவேற்கிறேன். அந்தப் பணத்துக்கு ஈடாக அவர் மூளை எத்தனை அடி தாங்கியது என்பதற்கான கணக்கும் வேண்டும்.

இந்தியாவில் ஒன் முயன்ற அளவுக்குப் பலன் கிடைக்கவில்லை. மல்யுத்த வீராங்கனை ரிது போகாட் 2019-இல் பெய்ஜிங்கில் அறிமுகமாகி, 2021 டிசம்பரில் ஆட்டம்வெயிட் கிராண்ட் பிரி இறுதிவரை வந்து, ஸ்டாம்பிடம் கைமூட்டுப் பிடியில் தோற்றார். கனடாவில் வளர்ந்த பஞ்சாபியான அர்ஜன் புல்லர் அதே ஆண்டு மே மாதம் பிராண்டன் வேராவை வென்று ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். இருவரும் மல்யுத்தத்திலிருந்து வந்தவர்கள். இந்தியாவில் எம்எம்ஏ வளர வேண்டுமானால் அகாரா எனப்படும் மல்யுத்தப் பயிற்சிக்கூடங்களிலிருந்துதான் வளரும் என்பதற்கு இதுவே சான்று. கிரிக்கெட்டின் நிழலில் ஒளிபரப்பு வருமானம் பெறுவது வேறு எந்த விளையாட்டுக்கும் கடினம்.

வளர்ச்சி இத்தனை தூரம் வந்த பிறகும் மாறாத ஒன்று வீரர்களின் பேரம் பேசும் பலம். அமெரிக்காவில் யுஎஃப்சி வீரர்கள் 2014-இல் நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுத்தார்கள். பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 37.5 கோடி டாலர் இழப்பீடு பெற்றார்கள்; நிறுவனத்தின் வருமானத்தில் வீரர்களுக்கு எவ்வளவு குறைவாகப் போனது என்பதும் அந்த வழக்கால் வெளியே வந்தது. ஒன் வீரர்களின் ஒப்பந்தங்கள் ரகசியம். அவர்களுக்குச் சங்கம் இல்லை. அமெரிக்க மாநிலங்களில் நடுவர்களையும் மருத்துவச் சோதனையையும் அரசு ஆணையம் பார்த்துக்கொள்கிறது. ஆசியாவின் பல நகரங்களில் போட்டியை நடத்துகிற நிறுவனமே நடுவரையும் தேர்ந்தெடுக்கிறது, சோதனையையும் செய்கிறது.

2024 நவம்பரில் ரொத்தாங் எடை தவறி, வளையம் ஏறுவதற்கு முன்பே தன் ஃப்ளைவெயிட் முவாய் தாய் பட்டத்தை இழந்தார். நிறுவனத்தின் மிகப் பிரபலமான வீரருக்கும் விதி தளரவில்லை என்பது நல்ல செய்திதான். ஆனால் நாட்டுக்கு நாடு சுற்றும் ஒரு அமைப்பில், நீர்ச்சத்துச் சோதனையை நிறுவனத்துக்கு வெளியே உள்ள மருத்துவக் குழு ஒன்று நடத்தி, ஒவ்வொரு வீரரின் எடையையும் தேர்ச்சி முடிவையும் போட்டிக்கு முன்பே வெளியிட வேண்டும். யாங் ஜியான் பிங்கின் பெயரால் கொண்டுவந்த விதிக்கு அந்த ஒரு ஏற்பாடு இன்னும் பாக்கி இருக்கிறது.